சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே

தசராவுக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷின்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போடுவார்கள். அந்த வருஷம் ஹால் சுவரில் புதிதாக மாட்டியிருந்த பெரிய டி.வி.க்கும் மாலை போட்டார்கள். தொங்கவிட இடமில்லாமல் செல்லோடேப் வைத்து ஒட்டினார்கள். ஒருவர் கண்ணாடியிலேயே குங்குமம் வைக்கப் போக, ஆபீஸ்காரர் ஓடிவந்து, "ஸ்கிரீன் மேல வேண்டாம், ஸ்கிரீன் மேல வேண்டாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சிரித்தோம். அந்த டி.வி.யில் அன்று ஒன்றும் ஓடவில்லை. கறுப்பாக இருந்தது. அதில் மாலையும் நாங்களும் மங்கலாகத் தெரிந்தோம்.

செம்பூரிலிருந்து டிராம்பே போகிற ரோட்டில் இருக்கிறது அந்தக் கம்பெனி. மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற இடம். மெஷின் பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் தள்ளும். அச்சு திறந்ததும் மூடிகள் கொத்தாக பெல்ட்டில் வந்து விழும். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைச் சின்னக் கத்தியால் சீவி, கோணலாக வந்ததை ஒதுக்கி, நல்லதைப் பெட்டியில் போடவேண்டும். இதுதான் எங்கள் வேலை. மெஷினுக்கு ஒரு பெண். எல்லோரும் காண்டிராக்ட். நான் தாராவியிலிருந்து வருகிறவள். நாலாம் மெஷின் என்னுடையது.

மூன்றாம் மெஷினில் ஒரு அக்கா இருந்தாள். என் ஊர்ப்பக்கம்தான், நாங்குநேரி. செம்பூரில் தண்டவாளத்தை ஒட்டிய ஓர் அறையில் மகனோடும் மருமகளோடும் இருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கத்தி வழுக்கி விரலை வெட்டிக்கொண்டபோது, தன் முந்தானையைக் கிழித்துக் கட்டிவிட்டவள். அன்றிலிருந்து மத்தியானம் டப்பாவைச் சேர்ந்து திறப்போம்.

தசரா முடிந்த வாரம் எங்களை ஹாலில் நிற்கவைத்து சமோசா கொடுத்தார்கள். புதிதாக வந்திருந்த ஆபீசர் பேசினார். கம்பெனியை டிஜிட்டல் ஆக்க வந்தவர் என்று சொன்னார்கள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். இந்தியில் பேசி முடித்துவிட்டு எங்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார். அதில் எங்களுக்கு ஒரு சந்தோஷம்.

"இந்தப் பட்டை உங்களைப் பிடிக்கறதுக்கு இல்லேம்மா. உங்களைப் பாத்துக்கறதுக்கு. யாருக்கு முடியலே, யாருக்குக் கஷ்டமா இருக்குன்னு எங்களுக்கே தெரிஞ்சுடும். நீங்க வந்து சொல்லவே வேண்டாம்."

அக்கா என் காதருகே குனிந்தாள். "பாத்துக்கிடதுக்காம். கலியாணம் பேச வந்தப்போ எங்க மாமியாளும் இப்படித்தான் சொன்னா."

பட்டை என்பது கையில் கட்டுகிற வாட்ச் மாதிரி ஒன்று. ஆனால் மணி காட்டாது. கை வேலை செய்துகொண்டிருந்தால் அது பேசாமல் இருக்கும். கை கொஞ்சநேரம் சும்மா இருந்தால் நடுங்கும். சுவரில் இருந்த டி.வி.யில் ஒவ்வொருத்திக்கும் ஒரு கட்டம், அதில் அவள் நம்பர். வேலை ஓடினால் பச்சை. கை மெதுவானால் மஞ்சள். நின்றால் சிவப்பு. ஹாலில் எங்கே நின்றாலும் எல்லோருடைய கட்டமும் எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு முன்பு இருந்த மராட்டிக்காரச் சூப்பர்வைசர் தங்கமானவர் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் திட்டுத்தான். ஆனால் அவர் திட்டினால் நாங்களும் ஏதாவது சொல்வோம். சில நாள் சண்டை ஹால் முழுக்கக் கேட்கும். சாயங்காலம் அவரே வந்து டீ குடித்தாயா என்று கேட்பார். அதோடு அது முடிந்துவிடும். பட்டை யாரையும் திட்டவில்லை. நடுங்கியது, அவ்வளவுதான். அதோடு யாரால் சண்டைபோட முடியும்? முதல் மாதம் முடிவதற்குள் ஹாலில் பேச்சுக் குறைந்தது. பேசினால் கை மெதுவாகிறது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வந்தது. இடுப்பு உயரம், மேலே கண்ணாடி. கார்டைத் தேய்த்ததும் அதில் ஐந்து முகங்கள் தெரியும். பல் தெரியச் சிரிக்கிற முகம், லேசாகச் சிரிக்கிற முகம், ஒன்றும் இல்லாத முகம், வாடின முகம், அழுகிற முகம். இன்று உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று மேலே இந்தியிலும் மராட்டியிலும் எழுதியிருக்கும். ஒன்றைத் தொட்டால்தான் கேட் திறக்கும். எந்த முகத்தைத் தொட்டாலும் ஒரே மாதிரி ஒரு சின்ன இசை வந்து, நன்றி என்று எழுத்து வரும்.

முதலில் எல்லோரும் விளையாட்டாகத் தொட்டோம். சண்டை போட்டுவிட்டு வந்தவள் வாடின முகத்தைத் தொடுவாள். என்ன ஆச்சு என்று பின்னால் நிற்பவள் கேட்பாள். அதுவே ஒரு பேச்சாக இருந்தது.

ஒரு பீகார்க்காரப் பெண்ணுக்கு ஊரில் அம்மா இறந்துவிட்டாள். போய்விட்டு வந்த மறுநாள் அவள் அழுகிற முகத்தைத் தொட்டாள். மத்தியானம் அவளுக்குப் போன் வந்தது. கம்பெனி ஏற்பாடு செய்திருந்த ஒரு மேடம், ரொம்ப இனிமையாகப் பேசினாளாம். தூக்கம் வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, மெஷினில் நிற்கும்போது நினைப்பு வேறு எங்காவது போகிறதா என்று கேட்டாளாம். இவளும் மனசுவிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "என் சொந்த அக்காகூட இப்படிக் கேட்டதில்லை" என்று எங்களிடம் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் கார்டு கேட்டைத் திறக்கவில்லை. தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். காண்டிராக்டர் ஆள் வந்து ஒதுக்கமாக அழைத்துப்போய், நினைப்பு அங்கே இங்கே போகிறவளை மெஷினில் நிறுத்தினால் ஆபத்து, அதனால் கொஞ்சநாள் ரெஸ்ட் என்று சொன்னான். அந்த ரெஸ்ட் முடியவே இல்லை. அவள் என்ன ஆனாள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இதைத் தொடு, அதைத் தொடாதே என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து எல்லோரும் பல் தெரியச் சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டு உள்ளே போனோம். காய்ச்சல்காரியும் அதைத்தான் தொட்டாள். முதல்நாள் புருஷனிடம் அடி வாங்கி உதடு வீங்கி வந்தவளும் அதைத்தான் தொட்டாள்.

கழிவறை எங்கள் ஹாலில் இல்லை. ஸ்டோரைத் தாண்டி காம்பவுண்டின் பின்புறம் இருந்தது. போய்விட்டு வருவதற்குள் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்பு எல்லாம் கணக்கில் சேரும். அதிகம் சிவப்புக் காட்டியவர்களை மாத முடிவில் காண்டிராக்டர் மாற்றிவிடுவான் என்று பேச்சு. பேச்சு மட்டும் இல்லை, இரண்டு பேர் அப்படிப் போயும்விட்டார்கள்.

அக்கா முதலில் டீயை விட்டாள். அப்புறம் தண்ணீரை விட்டாள். பையில் கொண்டுவருகிற பாட்டில் நிறைந்தபடியே திரும்பிப் போகும். மெஷின் பக்கத்தில் நிற்பது அடுப்பு வாயில் நிற்பது மாதிரி. ஏப்ரல், மே மாதங்களில் ஜாக்கெட் முதுகில் உப்புப் பூத்துவிடும். அந்தச் சூட்டில் அவள் தண்ணீர் குடிக்காமல் நின்றாள்.

பஸ்ஸில் ஒருநாள் கேட்டேன். "எக்கா, தண்ணி குடிக்காம எப்படித்தான் இருக்க?"

"பழகிட்டுட்டி. உங்க தாராவியில நோம்பு வைக்காவள்லா, அது மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்."

"அவ்வோ சாயங்காலம் நோம்பு தொறந்துருவாவள்லாக்கா. அதுவும் ஒரு மாசந்தான்."

"நானும் வீட்டுக்குப் போயிக் குடிக்கேம்லா." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

நானும் பாதி அப்படித்தான் இருந்தேன். என் உடம்பு அதை வேறு விதமாகக் காட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன். கையில் பட்டை நடுங்கியது. தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தேன். கையைப் பார்த்தால் பட்டையே இல்லை. அதைக் கம்பெனியிலேயே கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் வருவோம். மணிக்கட்டைத் தடவிப் பார்த்தேன், இன்னும் உள்ளுக்குள் நடுங்குகிற மாதிரி இருந்தது.

காலேஜில் படிக்கிற என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மம்மி, தூக்கத்துல நீ என்ன பண்றேன்னு தெரியுமா?"

போனைக் காட்டினாள். எடுத்து வைத்திருந்தாள். அதில் நான் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறேன். வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் விழித்திருந்தன. எதையோ பிடித்து, சீவி, போட்டு, மறுபடி பிடித்து, சீவி, போட்டுக்கொண்டே இருந்தன. நிற்கவே இல்லை. மகள் முதலில் சிரித்தாள். வீடியோ ஓட ஓட அவள் சிரிப்பு நின்றது.

"டாக்டர் கிட்ட காட்லாமா மம்மி?"

"ஒண்ணுமில்ல. அத அழிச்சிரு" என்றேன். அழித்தாளோ என்னவோ, நான் மறுபடி கேட்கவில்லை.

அந்த மழைக்காலத்தில் அக்காவுக்குப் பரிசு கொடுத்தார்கள். ஒரு மாதம் முழுக்க அவள் கட்டம் ஒரு தரம்கூடச் சிவப்பு ஆகவில்லையாம். டி.வி.யில் பூப்போட்ட சட்டத்துக்குள் அவள் படம் வந்தது. மாட்டுங்கா ஆபீசர் அவள் கையில் ஒரு ஸ்டீல் டப்பாவைக் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினோம். தட்டும்போது யாருடைய பட்டையும் நடுங்காது என்று எவளோ சொல்ல, இன்னும் பலமாகத் தட்டினோம்.

அப்போதே அவள் கால் வீங்கியிருந்தது. செருப்பு வார் ஏறாமல் அதை வெட்டிவிட்டிருந்தாள். காலையில் வரும்போது கண் இமைகள் ஊதியிருக்கும். நிற்கும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு கையை வைத்து அழுத்திக்கொள்வாள், பட்டை இல்லாத கையை.

"எக்கா, அந்த நடுவுல இருக்க மூஞ்சியவாவது தொடேன்" என்றேன் ஒருநாள் காலையில், வரிசையில் நிற்கும்போது.

"தொட்டுட்டு? அந்தப் பீகார்க்காரி மாதிரி ரெஸ்ட் எடுக்கவா?" என்றாள். அவள் முறை வந்தது. சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். இசை வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. அன்று மத்தியானம் ஆபீசரைப் படிக்கட்டு அருகே பிடித்தேன்.

"சார், மூணாம் மெஷின் அக்காவுக்கு ஒடம்பு சரியில்ல. கொஞ்சம் பாருங்க சார்."

அவர் உடனே போனை எடுத்து விரலால் தள்ளிப் பார்த்தார். நிஜமாகவே அக்கறையோடுதான் பார்த்தார். "அவா ஸ்கோரெல்லாம் ரொம்ப நன்னா இருக்கேம்மா. ஹால்லயே அவாதான் முதல்."

"காலு வீங்கிக் கெடக்கு சார். போன்ல தெரியாது. நேர்ல வந்து பாருங்க."

"வரேன்மா. கண்டிப்பா வரேன்." அதற்குள் அவர் போன் அடித்தது. எடுக்கும்போது அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வாத்தியார் பேரைக் கூப்பிட்டதும் பிள்ளைகள் முகம் மாறுமே, அப்படி. பேசிக்கொண்டே மேலே ஏறிப் போனார். அன்று அவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

அது நடந்தது ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் முடிந்து மெஷின்கள் ஓட ஆரம்பித்த பிறகு. எனக்கும் அக்காவுக்கும் நடுவே பிளாஸ்டிக் குருணை நிரம்பிய டிரம்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. நேராகப் பார்க்க முடியாது. என் காலடியில் ஒரு மூடி உருண்டுவந்தது. வெள்ளை மூடி. என் மெஷினில் அன்று நீல மூடி ஓடிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். பக்கத்தில் இருப்பவளுக்கு என்ன என்று தெரிய, நாங்கள் எல்லோருமே சுவரைப் பார்க்கத்தான் பழகியிருந்தோம். அக்காவின் கட்டம் பச்சையாக இருந்தது. குனிந்து வேலையைத் தொடர்ந்தேன்.

இன்னும் நாலைந்து மூடிகள் உருண்டு வந்தன. அப்புறம் ஒரு கூட்டமாக வந்தன.

டிரம்களைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பெல்ட்டுக்கும் பெட்டிகளுக்கும் இடையில் அக்கா தரையில் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுத்தது. பட்டை கட்டின கை தரையில் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. சீவ ஆள் இல்லாமல் பெல்ட்டில் குவிந்த மூடிகள் அவள் மேல் கொட்டிக்கொண்டிருந்தன. மார்பில், கழுத்தில், முடியில் எல்லாம் மூடிகள்.

கத்தினேன். ஹால் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். உட்கார்ந்து அவளை ஒருக்களிக்கத் திருப்பி, தலையை மடியில் வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டேன். என் கையில் பட்டை நடுங்க ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் என் கட்டம் மஞ்சளாகி, சிவப்பானது. அதற்கு மேலேயே அவள் கட்டம். கை ஆடிக்கொண்டிருந்ததால் அது பச்சையாகவே இருந்தது.

மராட்டிக்காரருக்குப் பதிலாகச் சேர்ந்திருந்த சூப்பர்வைசர் வந்தான். என்னைத் தேடித்தான் வந்தான், நாலாம் நம்பர் ஏன் சிவப்பு என்று கேட்க. டிரம்களைத் தாண்டி எட்டிப் பார்த்தான். ஓடிப்போய் மெஷினை நிறுத்தினான். அக்காவின் இழுப்பு மெல்ல அடங்கியது. கை அசைவு நின்றது. அப்போதுதான் அவள் கட்டம் மஞ்சளானது.

முனிசிபல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி ஏறி, சிறுநீரகம் வரைக்கும் போய், ரத்தம் கெட்டுவிட்டது என்றார்கள். சின்ன வயசு டாக்டரம்மா எங்களிடம் வந்து, இவர் தண்ணீரே குடிப்பதில்லையா என்று இந்தியில் கேட்டாள். வீட்டில் குடிப்பார் என்று மருமகள் சொன்னாள். வேலை செய்கிற இடத்தில் என்று டாக்டரம்மா மறுபடி கேட்டாள். மருமகள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் தலையை ஆட்டினேன்.

ஆபீசர் மறுநாள் வந்தார். கையில் பழப்பை. உள்ளே போகாமல் வராண்டாவிலேயே நின்றார். சுவரில் சாய்ந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆனால் பார்க்காமல்.

"நேத்திக்குக் காலம்பறகூட சிரிக்கற மூஞ்சியைத்தான் தொட்டிருக்காம்மா" என்றார். குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. நிஜமாகவே விளங்காமல் கேட்டார். "ஒரு நாள்கூட மாத்தித் தொடலே. எப்படிம்மா?"

"எல்லாரும் அதத்தான் சார் தொடுதோம்."

"எல்லாருமா?"

"அந்தப் பீகார்க்காரப் புள்ளையத் தவுர. அவ ஒருத்திதான் உண்மையச் சொன்னா."

பிறகு நான் கேட்டேன். "உங்களுக்கும் அந்த மாதிரி மூஞ்சி தொடுதது உண்டா சார்?"

"உண்டும்மா. போன்லயே வரும், தினம் காலம்பற." போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் ஒரு கட்டம் இருக்கு. வேற ஊர்ல உக்காந்துண்டு ஒருத்தர் பாத்துண்டிருக்கார். உங்க ஹால் பச்சையா இருந்தாத்தான் நான் பச்சை. ராத்திரி நெஞ்சு மேலே போனை வெச்சுண்டு தூங்கறேன்னு ஆத்துக்காரி சண்டை போடறா."

"நீங்க எந்த மூஞ்சியத் தொடுவிய சார்?"

அவர் பழப்பையை என் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அவரைக் கொஞ்ச நாள்தான் பார்த்தேன். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டதாக ஒருத்தி சொன்னாள். இல்லை, நெஞ்சு வலி வந்து லீவில் இருக்கிறார் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அக்கா பிழைத்துவிட்டாள். ஆனால் ஒரு சிறுநீரகம் போய்விட்டது, மற்றது பாதி. கம்பெனியிலிருந்து அவள் மகனை அழைத்துப் பேசினார்கள். அவள் வேலைத்திறன் நன்றாக இருந்திருக்கிறது, மனநிலையும் தினமும் நன்றாக இருந்ததாக அவளே பதிவு செய்திருக்கிறாள், ஆகவே இந்த நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தம் தெரியவில்லை என்றார்களாம். பையன் அதை அப்படியே மனப்பாடமாக வந்து எங்களிடம் சொன்னான்.

இதைக் கேட்ட பிறகுதான் நாங்கள் பேச ஆரம்பித்தோம். ஹாலில் பேச முடியாது. பஸ்ஸில் பேசினோம், சயானில் பஸ் மாறுகிற இடத்தில் நின்று பேசினோம். தமிழ்க்காரிகள், மராட்டிக்காரிகள், பீகார்க்காரிகள் என்று எல்லாப் பாஷையிலும் பேசினோம். பெரிதாக ஒன்றும் முடிவெடுக்கவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் அழுகிற முகத்தைத் தொடுவது. அவ்வளவுதான். ஒருத்தியை அனுப்பலாம், எல்லோரையுமா அனுப்புவார்கள்?

திங்கட்கிழமை காலை கேட்டில் வரிசை நின்றது. முதலில் நின்றவள் ஒரு மராட்டிப் பெண். அவள் விரல் கண்ணாடிக்கு மேலே கொஞ்சநேரம் அப்படியே நின்றது. பிறகு தொட்டாள். அதே இசை. நன்றி. கேட் திறந்தது. அடுத்தவள் தொட்டாள். என் முறை வந்தது. தொட்டுவிட்டு உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தேன். ஒருத்திகூட மாற்றவில்லை.

அன்று ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் போன் வரவில்லை. சூப்பர்வைசர் ஒன்றும் கேட்கவில்லை. டி.வி.யில் கட்டங்கள் வழக்கம்போலப் பச்சையாக இருந்தன. மறுநாளும் அழுகிற முகத்தையே தொட்டோம், அன்றும் ஒன்றுமில்லை. அந்த வாரம் முழுக்க அப்படியே போனது. சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். நாங்கள் சொன்னது எங்கே போய் விழுந்தது, யார் கேட்டார்கள், கேட்டு என்ன நினைத்தார்கள் என்று ஒன்றும் தெரியாமல் கையை அசைத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஹாலுக்குள்ளேயே ஒரு தண்ணீர் டிரம் வந்தது. கழிவறைக்குப் போய்வரும் நேரத்தைக் கொஞ்சம் வரைக்கும் சிவப்பில் சேர்ப்பதில்லை என்று அறிவித்தார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்லியும் பட்டை நடுங்கும்படி செய்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் டம்ளரைக் குடிக்கும்போது இரண்டு மூன்று பேர் அழுதார்கள்.

அதே நாளில் கேட்டிலிருந்த பெட்டியை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் முகம் உயரத்துக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. நடுவில் ஒரு சின்னக் கண் மாதிரி கேமரா. ஆபீஸிலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் பக்கத்தில் நின்று சிரித்த முகத்தோடு விளக்கினாள். முகங்களைத் தொடுகிற முறையில் சரியான தகவல் வரவில்லை. அதனால் இனி எதையும் தொடவேண்டாம், இதன் முன்னால் நின்று பார்த்தால் போதும். உங்கள் முகத்திலிருந்து அதுவே தெரிந்துகொள்ளும்.

எங்களோடு வேலை செய்கிற காயல்பட்டினத்துக்கார அக்கா ஒருத்தி முகத்திரை போட்டிருப்பாள். அவள் தினமும் அங்கே நின்று, வரிசையில் எல்லோரும் பார்க்க, திரையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போகிறாள்.

எதைப் பார்த்து என்ன முடிவெடுக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. சில நாள் பச்சை விளக்கு எரியும். சில நாள் ஆரஞ்சு. ஆரஞ்சு எரிந்தாலும் கேட் திறக்கும். ஆனால் அன்று சூப்பர்வைசர் ஆரஞ்சு வந்தவளின் மெஷின் பக்கம் அடிக்கடி நடப்பான். புருவத்தைத் தூக்கிக்கொண்டு பார்த்தால் பச்சை வரும் என்று ஒருத்தி சொன்னாள். நன்றாகத் தூங்கினவளுக்குத்தான் பச்சை என்று இன்னொருத்தி சொன்னாள். கேட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை இருக்கிறது. அதைத் தாண்டியதும் எங்கள் பேச்சு தானாக நின்றுவிடும். ஒவ்வொருத்தியும் தன் முகத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவாள். கன்னத்தை மேலே இழுத்து, கண்ணை விரித்து. ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்ப்பதில்லை. பார்த்தால் கலைந்துவிடும்.

சமீபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க செம்பூர் போனேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இப்போது தண்ணீரை டாக்டர் அளந்துதான் குடிக்கச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் ஐஸ் துண்டுகள். அதில் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு கேட்டாள்.

"எம் மெஷின்ல இப்ப யாருட்டி?"

சொன்னேன். டிராம்பே பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள், என்னைவிட மூத்தவள். வீட்டில் புருஷன் படுத்த படுக்கை. காலையில் அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டு ஓடிவருவாள். கேமரா முன்னால் நின்றால் அவளுக்கு ஆரஞ்சுதான். எவ்வளவு முயன்றும் பச்சை வரவில்லை. "எப்படி சிரிக்கணும்னு சொல்லிக்குடுங்க" என்று எங்களிடம் வந்து கேட்டாள். டீக்கடை பக்கத்தில் வைத்து நாங்கள் சொல்லியும் கொடுத்தோம். போன வாரம் அவள் கார்டு கேட்டைத் திறக்கவில்லை.

அக்கா ஐஸ் துண்டைக் கிண்ணத்தில் துப்பிவிட்டு என்னையே பார்த்தாள்.

"ஏட்டி, இதப் போயி எதுக்குச் சிரிச்சிக்கிட்டே சொல்லுத?"

"நான் எங்கக்கா சிரிச்சேன்?"

"சிரிக்கட்டி. வந்ததுலருந்து சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்க."

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன். தூக்கி இழுத்துப் பிடித்தபடி கல் மாதிரி இருந்தது. விட்டுவிட நினைத்தேன், எதை விடுவது என்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எட்டி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஐஸ் தொட்ட கை, சில்லென்று இருந்தது. வெளியே வாஷி போகிற ரயில் ஒன்று கடந்துபோனது. மருமகள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன ஆயிற்று என்று அத்தையிடம் கண்ணால் கேட்டாள்.

டீயைக் குடித்து முடித்து எழுந்தேன். "நாளைக்கு எந்த ஷிப்டு?" என்று அக்கா கேட்டாள். காலை ஷிப்டு என்று சொன்னேன்.